சத்தமில்லாமல் வந்த சீர்

என் அண்ணன் தவமணி குரலைத் தாழ்த்திப் பேசி நான் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான். மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்த காலை நேரம். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உதட்டின் மேல் விரலை வைத்தபடி, அவன் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு எதிரே கேரளத்துச் செண்டை மேளக்காரர்கள். கசவு வேட்டி, வெற்று மார்பு, கழுத்தில் தொங்கும் செண்டை. வேர்க்க விறுவிறுக்கக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் மேலே போகும், கீழே வரும், தோலைத் தொடப்போகும் நேரத்தில் நிற்கும், மறுபடி மேலே போகும். தலைகள் ஆடின, தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் இல்லை. டிவியில் சவுண்டைக் குறைத்துவிட்டுத் திருவிழா பார்த்தது போல இருந்தது.

மேளத்துக்குப் பின்னால் சீர்த்தட்டு தூக்கிய பெண்கள். எல்லாருடைய கொலுசும் காலிலிருந்து கழன்று முந்தானை முடிச்சுக்குள் போயிருந்தது. அவர்களுக்குப் பின்னால் சீர்க்கிடா. அது கத்திவிடக் கூடாது என்பதற்காக, அதன் வாயில் அகத்திக்கீரையைத் திணித்துக்கொண்டே வர ஒரு ஆளை நியமித்திருந்தான் அண்ணன். அந்தக் கிடா அன்று தின்ற கீரையை அதன் பரம்பரையே தின்றிருக்காது.

"மொள்ள... மொள்ள..." என்றான் அண்ணன், காற்று மட்டும் வருகிற குரலில்.

இந்த நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. போன வாரம் மாமியாரின் கிரைண்டர் கதையை எழுதியதிலிருந்து எனக்கு வீட்டில் சட்னி நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் இந்த வாரம் பிறந்த வீட்டுப் பக்கம் போகிறேன். அங்கே எது நின்றாலும் எனக்கு நஷ்டமில்லை.

தென்னை மரத்துக் குரல்

என் பிறந்த ஊர் கெங்குவார்பட்டி. அண்ணனுக்கு அங்கே தேங்காய் வியாபாரம். தோப்புத் தோப்பாகப் போய், மரத்தின் உச்சியில் இருக்கிற ஆளோடு தரையில் நின்றுகொண்டு பேசுவதுதான் அவன் தொழில். "ஏலே, அந்தக் குலைய விடு, இந்தப் பக்கத்துக் குலைய வெட்டு" என்று இருபது வருடமாக அண்ணாந்து கத்திக் கத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு எப்படிப் பேசுவது என்பதையே அவன் மறந்துவிட்டான்.

அவன் சாமி கும்பிட்டால் அடுத்த தெருக் கோயில் பூசாரி திரும்பிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் ஒருமுறை யாரையோ பார்க்கப் போய், "ஒண்ணும் பயப்படாதீக!" என்று இவன் சொன்ன ஆறுதலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் 'உஷ்' சொல்லியே சம்பளம் வாங்குகிறவள். ஒரே வயிற்றில் எப்படிப் பிறந்தோம் என்று அம்மாவே ஆச்சரியப்படுவாள்.

அப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கையில் பட்ட ஒரே அவமானமும் சத்தம் சம்பந்தப்பட்டதுதான்.

என் கல்யாணம் நடந்த வருடம் தேங்காய் விலை படுத்துவிட்டது. அண்ணன் கையில் ஒன்றும் இல்லை. மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற என் புகுந்த ஊருக்கு, மேளம் இல்லாமல், வெடி இல்லாமல், ஒரு ஆட்டோவில் சீரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். பந்தியில் உட்கார்ந்திருந்த என் சின்ன மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் சித்தப்பா, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "பொண்ணு வீட்டுக்காரக எப்ப வந்தாகன்னே தெரியலப்பா. சத்தமே இல்லாம வந்துட்டாக."

அவர் குத்தலாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எதிர்ப் பந்தியில் இருந்த அண்ணன் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டான். மோர் கேட்காமல் எழுந்து போனான்.

எனக்குப் பிள்ளை பிறக்கச் சில வருடம் ஆனது. பெண் பிறந்திருக்கிறாள் என்று போனில் சொன்னதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "காதுகுத்து எப்பத்தா?"

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. அவன் கொண்டுவருகிற சீர்தான் ஊர்வலம், அவன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துவார்கள். என் பாப்பா யாழினி கண் திறக்கும் முன்பே அண்ணன் குமுளிக்கு மேலே போய் செண்டை மேளத்துக்குச் சொல்லி வைத்துவிட்டான். சிவகாசி வெடி தனியாக வந்து இறங்கியது. "சின்னமனூர் வரைக்கும் கேக்கணும்" என்பது அவன் லட்சியம்.

பாக்குவெட்டி வாய்க்காரர்கள்

இங்கே கொஞ்சம் கண்மாய்க் கதை.

என் புகுந்த ஊருக்குள் வர இருக்கிற ஒரே வழி கண்மாய்க் கரைதான். கரையின் நடுவில் அய்யனார் கோயில். அதுதான் இவர்களுக்குக் குலதெய்வம். கோயிலுக்கு நேர் எதிரே, தண்ணீருக்குள், நாட்டுக் கருவேல மரங்கள் கூட்டமாக நிற்கும். ஐப்பசி மழை பெய்து, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும் வந்து கண்மாய் நிறைந்த பிறகு, அந்த மரங்களுக்கு விருந்தாளிகள் வருவார்கள்.

கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் வரும். அதில் என் கட்சி நத்தைகுத்தி நாரை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல், பாக்குவெட்டி போலப் பிளந்து நிற்கும். முதல் முறை பார்த்தபோது ஏதோ அடிபட்ட பறவை என்று நினைத்து, "ஐயோ பாவம்" என்றேன். மொத்தக் கூட்டத்துக்கும் அதே மாதிரி இருந்தது. அந்த வாயால்தான் வயலில் இருக்கும் நத்தையை ஓட்டிலிருந்து லாவகமாக உருவித் தின்னும். நாற்றைக் கடிக்கிற நத்தையைத் தின்கிற பறவை என்பதால் எங்கள் ஊர் நெல்லுக்காரர்கள் அதை விரட்டுவதில்லை. மருந்து அடிக்கிற கூலி மிச்சம்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அந்த மரங்கள் நேராகத் தெரியும். துணி காயப்போடப் போகிறவள் துணி காய்கிற வரை அங்கேயே நின்றுவிடுவேன். நாரைக்குத் தொண்டையில் சத்தம் கிடையாது என்பதே எனக்கு நாலு மாசம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சண்டை, கொஞ்சல், நலம் விசாரிப்பு எல்லாம் அலகைத் தட்டித்தான். குஞ்சுகள் மட்டும் பசி வந்தால் கரகரவென்று கத்தும். என் குடும்பத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பேசாத பெரியவர்களும் கத்துகிற பிள்ளைகளும் உள்ள குடும்பம் புதுசாக இருந்தது.

கண்மாயைப் பார்த்தால் சிலருக்கு மீன் தெரியும், சிலருக்கு வண்டல் மண் தெரியும், சிலருக்குப் பிளாட் தெரியும். என் மாமியாருக்கு, மொட்டைமாடியில் காயும் மோர்மிளகாய் மேல் மேலேயிருந்து விழுவது மட்டும் தெரியும். அந்த வகையில் நாரைகளுக்கும் அத்தைக்கும் பல வருடப் பகை.

அத்தையின் புதுச்சேலை

பகை முடிவுக்கு வந்தது ஒரு விபத்தில்.

யாழினி பிறப்பதற்கு முந்தைய மாசியில், வெளியூர்க் குடும்பம் ஒன்று அய்யனார் கோயிலில் கிடா வெட்டுக்கு வந்தது. கரை நெடுக சரவெடியைப் படுக்கவைத்துக் கொளுத்தினார்கள். தினமும் போகிற பஸ், டிராக்டர் சத்தத்துக்கெல்லாம் அசையாத பறவைகள், அந்த வெடிக்கு ஒரே நேரத்தில் எழும்பின. வானம் கறுத்துவிட்டது. பெரியவை எழும்பிய வேகத்தில் கூடுகள் ஆடி, குஞ்சுகள் கீழே விழுந்தன. தண்ணீரில் விழுந்தது சில, கரையோரம் விழுந்தது சில. பருந்துகளுக்கும் தெரு நாய்களுக்கும் அன்று விருந்து. நான் கர்ப்பமாக இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் போய் நாயிடமிருந்து ஒரு குஞ்சை மீட்டு, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வனத்துறைக்குப் போன் செய்தோம். அவர்கள் வந்து வாங்கிப்போகும் வரை அது எங்கள் வீட்டு விருந்தாளி.

அதற்கு ஏனோ என் மாமியாரைப் பிடித்துவிட்டது. அத்தை எழுந்தால் எழும், உட்கார்ந்தால் உட்காரும். "ச்சீ, அங்கிட்டுப் போ" என்று விரட்டிக்கொண்டே அத்தை அதற்கு மீன் கிள்ளிப்போட்டார். எங்கள் குழம்பு மீன் பூராவும் அதன் வயிற்றுக்குள் போனது. பயந்தால் தின்றதை வெளியே தள்ளிவிடுவது நாரைக் குஞ்சின் வழக்கம் என்பது எங்களுக்குத் தெரியாது. குக்கர் விசில் அடித்தது. குஞ்சு பயந்தது. அத்தை கல்யாணத்துக்குக் கிளம்பப் புதுச்சேலை கட்டி நின்றிருந்தார்.

அந்தச் சேலையை மூன்று தடவை அலசியும் வாடை போகவில்லை. ஆனால் வனத்துறை ஆள் குஞ்சைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது, அத்தைதான் வாசல் வரை போய், "தம்பி, அதுக்கு முள்ளு எடுத்துட்டுக் குடுங்கய்யா. குக்கர் சத்தம் ஆகாது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அன்றைக்கே நானும் அத்தையும் தீர்மானம் போட்டோம். நம் வீட்டு விசேஷத்துக்கு இந்தக் கரையில் வெடியும் கிடையாது, மேளமும் கிடையாது. கிரைண்டர் விஷயம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் ஒரே கட்சி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சிக்னல் முழுசாக இருந்தது

தீர்மானம் போடுவது சுலபம். அதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமே. மாசிக்கு முன்னால் நாரைகளைக் கிளம்பச் சொல்லவும் முடியாது. குழந்தைக்குப் பதினோராம் மாதம் முடிவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்பது அத்தை வீட்டு வழக்கம் என்பதால், விசேஷத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. போன் செய்தேன்.

"அண்ணே, வெடி வேணாம்ணே."

"சரி விடு. வாணம் மட்டும் விடுவோம்."

"வாணமும் வேணாம். மேளமும் வேணாம்."

பதில் வரவில்லை. அண்ணன் பக்கமிருந்து சத்தம் வரவில்லை என்றால் லைன் அறுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.

"யாருக்காகத்தா வேணாம்?" என்றான் கடைசியில்.

"நாரைக்காக. கூட்டுல குஞ்சு இருக்குண்ணே."

"நாரைன்னா... ஒத்தக் கால்ல நிக்குமே, அதா?"

"அதேதான்."

"ஏத்தா, ஒன் கல்யாணத்துல அந்த மனுசன் என்ன சொன்னாருன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா, இல்லயா? இத்தன வருசமா அது என் காதுலயே கெடக்குது. இப்ப நீயே என்னையச் சத்தமில்லாம வான்னு சொல்ற."

வைத்துவிட்டான். அவனுக்காகவும் அழுதேன், நாரைக்காகவும் அழுதேன். யாருக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கரையில் குத்தவைத்தவன்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து நின்றான். முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். கூட்டிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தினேன்.

"ஏத்தா, எங்கன இருக்கு ஒன் நாரை?" என்று கேட்டான்.

கேட்டதுதான் தாமதம். இருந்த நாரை எல்லாம் எழும்பிவிட்டது. தினசரிச் சத்தத்துக்கு அசையாது என்று சொன்னேன் அல்லவா, என் அண்ணன் குரல் அந்தக் கணக்கில் வராது.

கோயிலுக்கு எதிரே இருந்த கூட்டின் விளிம்பில் ஒரு குஞ்சு தள்ளாடி நின்றது. கழுத்தை நீட்டி அங்குமிங்கும் தேடியது. மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது. அண்ணன் அதைப் பார்த்தான். பருந்தைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கரையில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் தொட்டபோதுகூட அசையவில்லை.

வெயில் சுள்ளென்று அடித்தது. நெடுநேரம் கழித்துத் தாய் நாரை வந்து இறங்கியது. குஞ்சை அலகால் உள்ளே தள்ளிவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சிறகையும் அகல விரித்தது. அந்த நிழலுக்குள் குஞ்சு போய்ப் படுத்துக்கொண்டது.

அண்ணன் கரையை விட்டு இறங்கி வீடு வந்து சேரும் வரை வாயைத் திறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெருவுக்கே கேட்கும்படி வெடித்தான்: "கொட புடிக்குதுத்தா! பெத்தது ரெக்கைய விரிச்சுக் கொட புடிக்குது! நான் போயி அதுல வெடியப் போட்டனா, வெளங்குவனா?"

அத்தை காபி கொண்டுவந்தார். அண்ணன் குடித்துவிட்டு யோசித்தான். யோசிக்கும்போதும் அவனிடம் லேசான இரைச்சல் இருக்கும்.

"ஆனா ஒண்ணு" என்றான். "மேளம் இல்லாமச் சீரான்னு ஒருத்தன் கேட்டுறக் கூடாது. மேளம் வரும். கொட்டும். சத்தந்தான் இருக்காது."

கொட்டாத கொட்டு

செண்டை மேளத்து ஆசான் நரைத்த மீசைக்காரர். முதல் நாளே குழுவோடு வந்து எங்கள் வீட்டில் இறங்கியிருந்தார். அவரிடம் விஷயத்தை விளக்கும் பொறுப்பு அண்ணனுடையது.

"சேட்டா, நாளைக்கு நீங்க கொட்டணும். ஆனா கொட்டக் கூடாது."

ஆசான் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இவருக்கு எந்தா அசுகம்?"

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் நாரைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த கம்பம் மலையாளத்தில் சொன்னார். ஆசானை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கூடுகளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தாத்தா காலத்திலிருந்து அடிக்கிற கொட்டு, இதுவரை யாரும் கொட்டாமல் கொட்டியது கிடையாதாம். மீசையைத் தடவிக்கொண்டார்.

"கொட்டாதெ கொட்டுன்னது... கஷ்டமா" என்றார். "எங்கிலும், ஒந்நு நோக்காம்." இருந்தாலும் முயன்று பார்க்கலாம் என்று அர்த்தம்.

பிற்பகல் முழுக்க எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை நடந்தது. ஒருவன் கோல் தவறித் தோலில் பட்டுவிட்டால் ஆசான் அவன் காதைத் திருகினார். சத்தம் வரும்படி அடிப்பதை விட இதற்குத்தான் கை அதிகம் வலிக்கிறது என்று எல்லாரும் புலம்பினார்கள்.

நான் கேட்டது வெடியும் மேளமும் வேண்டாம் என்பது மட்டும்தான். கொலுசு கூடாது, தும்மக் கூடாது, கிடா கத்தக் கூடாது என்பதெல்லாம் அண்ணன் தானாகச் சேர்த்துக்கொண்டது. எதையும் குறைத்துச் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. அமைதியைக்கூட ஆடம்பரமாகத்தான் செய்வான். வாங்கிய சரவெடியை வீணாக்க மனமில்லாமல், அதைப் பெரிய தாம்பாளத்தில் சுருட்டி வைத்து, மேலே ரோஜாப்பூ தூவி, சீர்த்தட்டுகளில் ஒன்றாக வரிசையில் சேர்த்துவிட்டான். வெடிக்காமலே வெடி மரியாதை செய்துவிட்டுப் போனது.

ஊரே வாசலில்

இப்போது நாம் முதலில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். அண்ணன் பின்பக்கமாக நடக்கிறான். கோல்கள் காற்றில் ஆடுகின்றன.

வழக்கமாகச் சீர் வந்தால் எங்கள் ஊரில் யாரும் வெளியே வர மாட்டார்கள். மேளச் சத்தம் கேட்டதும், "யாரு வீட்டுக் காதுகுத்தோ" என்று சொல்லிவிட்டு டிவி சவுண்டை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். அன்று முதலில் பார்த்தவள் கரையில் மாடு கட்ட வந்த ஒரு பெண். செண்டைக்காரர்கள் ஆடி வருகிறார்கள், சத்தம் வரவில்லை. தன் காது போய்விட்டது என்று பயந்து, காதுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு தெருவுக்குள் ஓடிச் சொன்னாள்.

ஊரே கிளம்பி வந்துவிட்டது. பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், தோசைக் கரண்டியோடு ஒரு அக்கா. வந்தவர்கள் கூட்டையும் மேளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். இருமல் வந்த ஒருவர் வாழைத்தோட்டத்துக்குள் ஓடிப்போய் இருமிவிட்டுத் திரும்ப ஓடிவந்தார்.

நடுவில் ஒரு கண்டம். அண்ணனுடைய போன் அடித்தது. அவன் ரிங்டோனும் அவனைப் போலத்தான். வெளியே எடுத்தான், அவசரத்தில் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. சீர் அரிசிக் கூடைக்குள் போனை முழங்கை ஆழத்துக்குச் செருகினான். அரிசிக்குள்ளிருந்தும் பாடியது. கூடையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். போன் செய்த தேங்காய் லோடு லாரிக்காரன் சலித்துப்போய்க் கட் செய்யும் வரை, பட்டு வேட்டியோடு தாய்மாமன் அரிசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த காட்சியை, ஊர் ஒரு சிரிப்புச் சத்தம் இல்லாமல் சிரித்தது. தோள்கள் மட்டும் குலுங்கின.

நான் மரங்களைப் பார்த்தேன். ஒரு நாரைகூட எழும்பவில்லை.

கோயில் வாசலில் சின்ன மாமா நின்றிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சீரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அண்ணன் முகத்தில் வேர்வை வழிந்தது.

நாலு பல்

எல்லாவற்றுக்கும் திட்டம் போட்ட அண்ணன் ஒன்றை மறந்துவிட்டான். காது குத்தினால் குழந்தை அழும்.

முடியிறக்கி, சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்காரவைத்தபோதுதான் எல்லாருக்கும் அது உறைத்தது. யாழினியின் தொண்டை எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியும். மாமனிடமிருந்து இறங்கியிருக்கிறது. ஆசாரி தங்க ஊசியை எடுத்தார். பிள்ளை வாயைத் திறந்தாள்.

அண்ணன் யோசிக்கவில்லை. ஆள்காட்டி விரலை அவள் வாய்க்குள் வைத்துவிட்டான்.

யாழினிக்கு அப்போது நாலு பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஊசி இறங்கியது. பல்லும் இறங்கியது. அவள் அழவில்லை, கடிக்கிற வேலையில் மும்முரமாக இருந்தாள். அண்ணன் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, மரத்து உச்சிக்குக் கேட்கும்படி கத்தக்கூடிய என் அண்ணன், வந்த கத்தலை அப்படியே விழுங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டாவது காதும் குத்தி முடிகிற வரை அவள் விரலை விடவில்லை.

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஆசானுக்கு என்ன ஆனதோ, குழுவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கோல்கள் காற்றில் பறந்தன. மேளம் உச்சத்துக்குப் போனது. இலைகூட அசையாத அமைதியில் அத்தனை கைகளும் சுழன்றன.

அப்போதுதான் அது கேட்டது. கருவேல மரத்திலிருந்து, டக், டக், டக் டக் டக். ஒரு நாரை அலகைத் தட்டியது. அடுத்த கூட்டிலிருந்து இன்னொன்று. ஆசான் கோலை நிறுத்தினார்.

"கேட்டோ முதலாளி?" என்றார் கிசுகிசுப்பாக, கோலால் மரத்தைக் காட்டி. "கொட்டு அவிடெயாணு."

அண்ணன் கடிபட்ட விரலைப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தான். அவன் சீருக்கு மேளம் கிடைத்துவிட்டது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சின்ன மாமா சொன்னது

பந்தி முடிந்தது. அண்ணன் ஆட்கள் சத்தம் வராமல் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமா வெற்றிலையை மென்றுகொண்டே அண்ணனிடம் வந்தார். நான் இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்றிருந்தேன். கூடுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அண்ணன் காதருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தவமணி, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து இந்தக் கரையில இப்பிடி ஒரு சீரு வந்ததில்லப்பா."

லாரிச் சத்தத்திலும் தன் சத்தத்திலும் அண்ணனுடைய காது எப்போதோ மந்தமாகிவிட்டது. "என்ன மாமா?" என்றான்.

"வந்ததில்லங்கேன்."

"கேக்கல மாமா. சத்தமாச் சொல்லுங்க."

சின்ன மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். கரையில் இருந்த அத்தனை பெண்களும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்து, "உஷ்ஷ்!" என்றார்கள். அதில் என் மாமியார்தான் முதல். சின்ன மாமா திறந்த வாயை மூடிக்கொண்டார். கூட்டைக் கைகாட்டினார், அண்ணன் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார், பஸ் ஏறிப் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மாசியில் எங்கள் கரைக்கு வருகிற சீர் எல்லாம் இப்படித்தான். யார் வீட்டுச் சீர் அதிக அமைதி என்பதில் இப்போது கடும் போட்டி. போன வருடம் ஒரு தாய்மாமன் ஊர்வலத்தில் வந்த அத்தனை பேருக்கும் காலுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆசானுக்கு எங்கள் ஊரிலிருந்து போகிற அட்வான்ஸ் எல்லாம் கொட்டாத கொட்டுக்குத்தான். அதற்கு ரேட்டும் கூட்டிவிட்டார்.

காதுகுத்து முடிந்த மறுநாள் காலை, நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் போன்.

"ஏத்தா, நேத்து அந்த மனுசன் என்னத்தா சொன்னாரு? ராத்திரிப் பூரா யோசிச்சேன், பிடிபடல."

சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சு இல்லை. இந்த முறை நான் சிக்னலைப் பார்க்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

"இரு, இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். ஏலே, மரத்து மேல இருக்கவனே! வெட்டுறத நிப்பாட்டிட்டு இங்கன காதக் குடு! எந்தங்கச்சி ஒண்ணு சொல்றா!" என்று கத்தினான். "ம். இப்பச் சொல்லுத்தா. நல்லாச் சத்தமாச் சொல்லு."

எதிரே கருவேல மரத்தில் ஒரு தாய் சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தது. நான் மாடிப்படி இறங்கி, அறைக்குள் போய், கண்மாய்ப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.